கனால் ஓரத்தில இருந்தா நெஞ்சு ஏன் அடைக்குது?

அன்பான அக்கா,

எனக்கு 43 வயசு. பாரிசுக்கு வந்தது 2007இல. முதல் ஆறு வருசம் ஒரு ரெஸ்ரோறன்ட்டில கோப்பை கழுவினன், இப்ப அங்கயே குசினியில சமைக்கிறன். மனுசி, ரெண்டு பிள்ளையள். மகளுக்கு 13, சின்னவனுக்கு 8. லாச்சப்பலில தான் சாமான் வாங்கிறது, தலைமயிர் வெட்டுறது, கோயில் எல்லாம். அங்கயிருந்து மெத்ரோவில ஒரே ஒரு ஸ்டேசன் ஸ்தாலின்கிராத், இறங்கினா முன்னுக்கே லா வில்லெத் தடாகம், அதிலயிருந்து கீழ சான் மார்த்தான் கனால். இத்தனை வருசமா அதைத் தாண்டித் தாண்டி வேலைக்குப் போய் வாறன், ஒருநாளும் அதில இருந்ததில்லை.

ஓகஸ்ட்டில எங்கட கடை பூட்டு. மகள் ஒரே கரைச்சல், அப்பா எங்களோட ஒருநாள் முழுக்க வரவேணும் எண்டு. சரியெண்டு ஒரு ஞாயிறு ரொட்டி, சம்பல், பிளாஸ்க்கில தேத்தண்ணி, பழைய பெட்சீற் எல்லாம் கட்டிக்கொண்டு போனம். ஞாயிறில கரை ரோட்டில கார் விடமாட்டினம், சின்னவன் சைக்கிளை விட்ட விடுகை சொல்லேலாது. றெக்கொலே எண்ட இடத்தில பூட்டுக்கதவு இருக்கு, கீழயிருந்து ஒரு டூரிஸ்ட் படகு வந்து நிக்க பின்கதவைப் பூட்டி மேலயிருந்து தண்ணியை விட, படகு அப்பிடியே ஆக்களோட எழும்பி எங்கட காலடிக்கு வந்திட்டுது, சின்னவன் லிப்ட் மாதிரி எண்டு கத்துறான். மகள் பள்ளிக்கூடத்தில படிச்சதெல்லாம் சொன்னாள், 1802இல நெப்போலியன் பாரிசுக்குக் குடிதண்ணி கொண்டுவாறதுக்கு வெட்டச் சொன்னதாம், வைனுக்கு வரி போட்டுக் காசு எடுத்து 1825இல தான் திறந்ததாம், 9 பூட்டு, 25 மீற்றர் இறக்கம் எண்டு. இரும்புப் பாலத்தில நிண்டு நானும் வாயைப் பிளந்துகொண்டு பாத்தன், சத்தியமா நல்லா இருந்தது.

பிறகு மரத்துக்குக் கீழ பெட்சீற்றை விரிச்சுப் படுத்தம். சுத்திவர இளம்பெடியள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிற்றார் அடிக்கிறாங்கள். மகள் என்ர மடியில தலையை வைச்சு, தமிழ்ப் பள்ளிக்கூடத்துத் தமிழில, "அப்பா, இந்த வாய்க்கால் எவ்வளவு வடிவு என்ன?" எண்டாள். கொஞ்ச நேரத்தில எனக்கு நெஞ்சை அடைச்சுக்கொண்டு வந்திட்டுது, கையெல்லாம் வேர்வை. அம்மா கிளிநொச்சியில முழங்கால் நோவோட கிணத்தில தண்ணி அள்ளுறா, நான் இஞ்ச தண்ணிக்குப் பக்கத்தில கால் நீட்டிக்கொண்டு கிடக்கிறன் எண்டு ஒரே யோசினை. "சும்மா கிடந்து என்னத்தைக் கண்டது, எழும்புங்கோ" எண்டு கத்திப்போட்டன். அப்ப ஆறு மணி, ஒன்பது மட்டும் வெளிச்சம் இருக்கு. மகள் அழுதுகொண்டு வந்தவள் தான், நாலு நாளா என்னோட கதையில்லை. அப்பாக்கு எங்களோட இருக்கப் பிடிக்காது எண்டு தாயிட்டச் சொன்னவளாம்.

சின்னனில இரணைமடுத் தண்ணி ஓடுற இடத்தில நானும் அண்ணாவும் பொழுதுபட்டாலும் வீட்ட வராமக் குதிச்சு விளையாடின ஆக்கள் தான். அண்ணா 2009இல இல்லாமப் போட்டார், உடம்பும் கிடைக்கேல்ல. அப்ப நான் இஞ்ச கோப்பை கழுவிக்கொண்டு நிண்டனான். அது பழைய கதை விடுங்கோ.

14 மணித்தியாலம் வேலையெண்டாலும் நிப்பன். ஒரு பின்னேரம் சும்மா இருக்கேலாமக் கிடக்கு. இது என்ன வருத்தம் அக்கா?

ஒரு தகப்பன், பாரிஸ்

---

அன்பான தம்பி,

முதல் வேலை, உங்கட குடும்ப டொக்டரிட்டப் போய் நெஞ்சைக் காட்டுங்கோ. குசினிச் சூட்டுக்க நிண்டு வேலை செய்யிற ஆள், மனசு தான் காரணமெண்டு நாங்களா முடிவெடுக்கப்பிடாது.

உங்கட கடிதத்தை மூண்டுதரம் வாசிச்சனான். சும்மா இருக்கத் தெரியாத ஆள் எண்டு எழுதியிருக்கிறியள், எனக்கு அப்பிடித் தெரியேல்ல. அந்தப் பாலத்தில நிண்டு படகு எழும்பிறதைப் பாத்த நேரம் நீங்கள் ஒரு வேலையும் செய்யேல்லைத்தானே, நல்லா இருந்தது எண்டு நீங்களே சொல்லுறியள். கடிதம் முழுக்கக் "கனால்" எண்டு எழுதுறியள், இரணைமடுவில ஓடுறதுக்குக் கூட "தண்ணி ஓடுற இடம்" எண்டு தான் எழுதியிருக்கு. "வாய்க்கால்" எண்ட சொல் ஒரே ஒருக்கா வருது, அதுவும் மகளின்ர வாயால. அதுக்குப் பிறகு தான் நெஞ்சு அடைச்சது. அண்ணா எந்த இடத்தில எண்டு நீங்கள் எழுதேல்ல. ஆனா 2009 எண்டா எங்கட சனத்துக்கு அந்தச் சொல்லோட ஒரு ஊர்ப்பேர் வரும், அதை நானும் சொல்லாமல் விட்டா நாங்கள் ரெண்டு பேரும் சேந்து ஒளிக்கிறதாப் போடும். முள்ளிவாய்க்கால். அந்தப் பிள்ளை இஞ்ச பிறந்து வளந்தது, அதுக்கு வாய்க்கால் எண்டா மரமும் படகும். உங்களுக்கு அப்பிடியில்லை. இது தான் காரணமெண்டு நான் அடிச்சுச் சொல்லேல்ல, நீங்கள் ஆறுதலா இருந்து யோசிச்சுப் பாருங்கோ.

உடம்பும் கிடைக்காத சாவுக்கு அழுகிறதுக்கு ஒரு நாள் குறிச்சுத் தர ஆளில்லை. செத்தவீடு இல்லை, எட்டு இல்லை, அந்தியேட்டி இல்லை. அப்ப நீங்கள் வேலையில நிண்டனீங்கள், பிறகும் வேலையிலயே நிண்டிட்டியள். கை வேலையா இருக்குமட்டும் அது கிட்ட வராது, கையை விட்டிட்டுப் படுத்தவுடன வந்திட்டுது. அம்மாவின்ர முழங்கால் உண்மை தான், ஆனா நீங்கள் அந்தப் பின்னேரம் எழும்பி ஓடினதால அம்மாவுக்கு ஒரு வாளி தண்ணியும் குறையேல்ல. கிணத்துக்கு மோட்டர் போட என்ன செலவெண்டு விசாரிச்சு மாசாமாசம் ஒரு தொகை ஒதுக்குங்கோ, அது அம்மாவுக்குச் செய்யிற உதவி. உங்களை வதைக்கிறது உதவியில்லை.

இன்னொண்டும் சொல்லவேணும். 1936க்கு முதல் இந்த நாட்டில அனேகமான தொழிலாளியளுக்குச் சம்பளத்தோட லீவு இல்லை. அந்த வருசம் பெரிய வேலைநிறுத்தம் செய்து, வருசத்துக்கு ரெண்டு கிழமை சட்டமாக்க வைச்சவை. கொஞ்சம் கொஞ்சமாக் கூடி 1982இல அஞ்சு கிழமையாச்சு. கரையில நீங்கள் கால் நீட்டி இருந்த நாளும் உங்களைப் போல வேலைக்காரர் நிண்டு வாங்கின நாள் தான் தம்பி, ஒருத்தரிட்டயும் களவெடுத்தது இல்லை.

இண்டைக்கே மகளோட கதையுங்கோ. முழுக்கதையும் வேண்டாம், 13 வயசு. "நீ சொன்ன சொல்லில பெரியப்பான்ர ஞாபகம் வந்திட்டுது, உன்னில கோவமில்லை, கத்தினது என்ர பிழை" எண்டு சொல்லுங்கோ, காணும். நாலு நாளா அந்தப் பிள்ளை தன்னில தான் பிழை எண்டு நினைச்சுக்கொண்டிருக்குது, எனக்கு அது தான் கூடக் கவலை.

பிறகு திரும்பப் போங்கோ. முழுநாள் வேண்டாம், அதே பூட்டடியில ஒரு படகு வந்து எழும்பிப் போகுமட்டும் நில்லுங்கோ. நெஞ்சு இறுகிற மாதிரி வந்தா வீட்ட ஓடாமல் அடுத்த பாலம் மட்டும் மெதுவா நடவுங்கோ, இரும்புக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு மூச்சை ஆறுதலா விடுங்கோ. அங்கயிருந்தே அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்துத் தண்ணியைக் காட்டுங்கோ, அவ என்ன சொல்லுறா எண்டு பாருங்கோ. டொக்டர் நெஞ்சில ஒண்டும் இல்லையெண்டு சொல்லியும் இந்த அடைப்பு விடாமல் வந்தா, இல்லாட்டி நித்திரை கெட்டா, உங்கட பகுதியில சிஎம்பே எண்டு அரசாங்க மனநல நிலையம் இருக்கும். அங்க காட்டக் காசில்லை, போக வெக்கப்படாதேங்கோ.

சம்மரில லா வில்லெத் தடாகத்துக்குள்ள ஒரு பக்கம் அடைச்சுக் குளிக்க விடுறவை, 2017இல தொடங்கினது, காசு எடுக்கிறேல்ல. சின்னவனைக் கூட்டிக்கொண்டு இறங்குங்கோ. இரணைமடு வாய்க்காலில அண்ணாவோட குதிச்ச கதையை அந்தத் தண்ணிக்குள்ள நிண்டு பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ, அந்தச் சொல்லோடயே சொல்லுங்கோ. மகள் திரும்பக் கதைக்கத் தொடங்கினா எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கோ.

அன்புடன்,
அக்கா