‘இது உனக்கு எப்படித் தெரியும்?’

கேள்வி: எனக்கு வயது 29. திருச்செங்கோடு பக்கம். போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை என்பதால் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் வெளியில்தான் இருப்பேன். ராத்திரியில் எல்லோரும் போனில் ஆபாச வீடியோ பார்ப்போம். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. வீடியோவில் வருவதுபோல் கேட்டால் மனைவி மறுக்கிறாள். ஆனால் போன முறை ஊருக்கு வந்தபோது, தனக்கு எது பிடிக்கும் என்று அவளாகவே சொன்னாள். ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டேன். அழுதாள். அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எனக்குச் சீக்கிரம் முடிந்துவிடுவதும் ஒரு கவலை.
- பெயர் வேண்டாம்

டாக்டர் பதில்: தம்பி, நீங்கள் கேட்பதைச் செய்யவில்லை என்பது ஒரு புகார். தனக்குப் பிடித்ததைச் சொல்லிவிட்டாள் என்பது இன்னொரு புகார். வீடியோவில் வருபவள் மாதிரியும் இருக்க வேண்டும், ஒன்றும் தெரியாதவளாகவும் இருக்க வேண்டும் என்றால் அந்தப் பெண் என்னதான் செய்வாள்?

2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிவானதிலிருந்து இந்தப் பேச்சு என் ஓ.பி.யில் அதிகமாகிவிட்டது. கணவரை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் மனைவி வாயைத் திறப்பாள். ‘வலிக்குதுன்னு சொன்னா நடிக்காதேங்கிறார் மேடம்.’ இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். வீடியோவில் வேண்டாம் என்பவளும் கடைசியில் சிரிக்கிறாள். எடுத்தவர்கள் அப்படி நடிக்க வைத்திருக்கிறார்கள். அதையே பார்த்து வளர்ந்தவருக்கு நிஜமான வலி தெரிவதில்லை.

உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் யாரும் பேசுவதில்லை. பள்ளிகளுக்கு வந்த வளரிளம் பருவக் கல்வியை 2007-ல் பல மாநிலங்கள் வேண்டாமென்று தள்ளின. 2018-ல் 827 ஆபாசத் தளங்களை முடக்க மத்திய அரசு உத்தரவிட்டது. சரி, அப்புறம்? வாட்ஸ்அப்பில் வந்துகொண்டேதான் இருக்கிறது.

சீக்கிரம் முடிவது பற்றி: 2005-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஐந்து நாடுகளைச் சேர்ந்த சுமார் 500 ஜோடிகள் வீட்டிலேயே ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தார்கள். பாதிப் பேருக்கு 5.4 நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. வீடியோவில் வரும் அரை மணி நேரம் வெட்டி ஒட்டியது. நெடுநாள் பிரிந்திருந்து வருபவருக்கு முதல் சில நாள் சீக்கிரம் முடிவது சகஜம். ராத்திரி டி.வி.யில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று பயமுறுத்துபவர்களிடம் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். எப்போதுமே ஒரு நிமிடத்துக்குள் முடிந்தால் மருத்துவரைப் பாருங்கள், சிகிச்சை இருக்கிறது.

இனி சந்தேகம். அது அவள் உடம்பு. ஒரு வருடம் உங்களோடு வாழ்ந்தவளுக்கு எது இதமாக இருந்தது என்று தெரியாதா? நம் ஊரில் ஒரு பெண் அதைப் புருஷனிடம் வாய்விட்டுச் சொல்வது எவ்வளவு பெரிய நம்பிக்கை! அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதை விட்டுவிட்டு விசாரணை நடத்தியிருக்கிறீர்கள்.

ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே போன் செய்து, நான் கேட்டது தப்பு என்று சொல்லுங்கள். ‘ஆனால்’ போட்டு இழுக்காதீர்கள். வந்த பிறகு அவள் சொன்னதைக் கேட்டு நடங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மனைவியை ஒருபோதும் படம் எடுக்காதீர்கள். சிறுவர் சிறுமியர் வரும் வீடியோ குரூப்பில் வந்தால் உடனே அழித்துவிட்டு வெளியேறுங்கள். அதைப் போனில் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இத்தனைக்கும் அவள் மனம் ஆறவில்லை என்றால், அடுத்த முறை வரும்போது இருவருமாக நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரைப் பாருங்கள். அவளுக்கு விருப்பம் இருந்தால் மட்டும்.