அந்தக் கவர்னர் வேறு

கேள்வி: அமெரிக்க மாநிலங்களில் கவர்னரே பட்ஜெட் தயாரித்துத் தாக்கல் செய்கிறாராமே! நம் ஆளுநருக்கு மட்டும் ஏன் அந்த அதிகாரம் இல்லை?

பதில்: பெயர்தான் ஒன்று, பதவி வேறு. அங்கே கவர்னர் மக்களிடம் ஓட்டு வாங்கி வருகிறவர். நம் கணக்கில் அவர் முதலமைச்சர்.

கலிஃபோர்னியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். துறைகள் தங்கள் தேவைகளை முந்தைய ஆண்டே நிதித் துறைக்கு எழுதி அனுப்புகின்றன. கவர்னரின் கீழ் இயங்கும் அந்தத் துறை, வெட்ட வேண்டியதை வெட்டி அவர் முன் வைக்கிறது. ஜனவரி 10-க்குள் பட்ஜெட் சட்டமன்றத்துக்குப் போயாக வேண்டும். செலவு வரவை மிஞ்சினால், குறைகிற பணத்தை எங்கே திரட்டலாம் என்றும் அவரே சொல்ல வேண்டும். அந்த மாநில அரசியல் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி இது. செலவை அறிவித்துவிட்டு வரவைப் பற்றி வாய் திறக்காமல் நழுவ முடியாது. அப்புறம், ஏப்ரலில் வருமான வரி வந்து சேர்ந்ததும் ஜனவரிக் கணக்கு எவ்வளவு தேறியது என்று தெரிந்துவிடும். திருத்திய கணக்கை மே 14-க்குள் கொடுக்க வேண்டும்.

சட்டமன்றத்துக்கு ஜூன் 15 நள்ளிரவு கெடு. முன்பெல்லாம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டதால் ஓயாத இழுபறி. 2009 ஜூலையில் கையில் பணமில்லாமல், 'பிறகு தருகிறோம்' என்று மாநில அரசு கடன்சீட்டு எழுதிக் கொடுத்தது! 2010 பட்ஜெட்டில் கவர்னர் கையெழுத்திட அக்டோபர் 8 ஆகிவிட்டது. ஜூலை 1-இல் நிதியாண்டு தொடங்கி அது 100-ஆவது நாள். அடுத்த மாதமே மக்கள் வாக்களித்து விதியை மாற்றினார்கள்: சாதாரணப் பெரும்பான்மை போதும், ஆனால் கெடு தவறினால், தவறிய ஒவ்வொரு நாளுக்கும் உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது.

நிறைவேறி வரும் மசோதாவில் எந்த ஒதுக்கீட்டையும் கவர்னர் குறைக்கலாம், அடியோடு நீக்கலாம். ஒரு டாலர்கூடக் கூட்ட முடியாது.

நம் அரசியல் சட்டத்தின் 202-ஆவது பிரிவும் ஆளுநரைச் சொல்கிறது, உண்மைதான். ஆண்டு நிதிநிலை அறிக்கையைப் பேரவையில் வைக்கச் செய்ய வேண்டியவர் அவர். ஆனால் அதை அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் செய்ய வேண்டும். கணக்குப் போடுவதும், சபையில் பதில் சொல்வதும் நிதியமைச்சர். நியமனத்தில் வருகிறவரிடம் கஜானா சாவியைக் கொடுக்கச் சொல்கிறீர்களே, கணக்குத் தப்பினால் யாரைக் கேட்பீர்கள்? 2000-01 மின்சார நெருக்கடியாலும் பட்ஜெட் பற்றாக்குறையாலும் அதிருப்தி முற்றிய நிலையில், 2003-இல் கலிஃபோர்னியா மக்கள் கவர்னர் கிரே டேவிஸைப் பதவிக்காலத்தின் நடுவிலேயே ஓட்டுப் போட்டு இறக்கினார்கள். நம் ஆளுநரை இறக்க உங்களிடம் ஓட்டு இல்லை.