தைராய்டு மாத்திரையில் மரத்தூளா?

கேள்வி: எனக்கு வயது 44. மூன்று வருடமாகத் தைராக்சின் 50 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். அதில் மைக்ரோகிரிஸ்டலின் செல்லுலோஸ், சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட் என்று போட்டிருக்கிறது. இது மரத்தூள், குடலில் ஒட்டிக்கொள்ளும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. இப்போது மாத்திரையும் தொட்டாலே உதிர்கிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தவே கூடாது. மரத்தூள் பயத்தை விடுங்கள். உதிர்வதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

50 மைக்ரோகிராம் என்பது 0.05 மில்லிகிராம், ஒரு கடுகின் எடைகூட அதைவிடப் பல மடங்கு அதிகம். மாத்திரையின் எடை 100 மில்லிகிராம் என்றால், கிட்டத்தட்ட முழுவதும் மருந்தல்லாத துணைப்பொருள்தான். அது இல்லாமல் இந்த மருந்தைக் கையில் எடுக்கவே முடியாது.

மைக்ரோகிரிஸ்டலின் செல்லுலோஸ் பெரும்பாலும் மரக்கூழிலிருந்து வருவது உண்மை. ஆனால் அமிலத்தில் பதப்படுத்தி, கழுவி, உலர்த்திய தூய நார் அது. நம் குடலில் செரிக்காது, ஒட்டாது, மலத்தோடு போய்விடும். ஒரு வாழைப்பழத்தில் இருக்கும் நார் இதைவிடப் பல மடங்கு.

தைராக்சினுக்கு ஈரமும் ஆகாது, சூடும் ஆகாது. அதனால் தண்ணீர் விட்டுப் பிசைந்து உலர்த்தாமல், உலர்ந்த தூளாகவே கலந்து அழுத்தி மாத்திரையாக்கும் முறை இதற்குப் பொருத்தமானது. அந்த அழுத்தத்தில் செல்லுலோஸ் துகள்கள் நசுங்கி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட்டின் வேலை நேரெதிர்: தண்ணீரை உறிஞ்சி உப்பி, மாத்திரையை உடைப்பது. பெரும்பாலும் உருளைக்கிழங்கு மாவிலிருந்து செய்யப்படும் இது, வழக்கமாக 2 முதல் 8 சதவீதம்தான் சேரும். ஒரு மாத்திரையை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: ஓரம் உப்பி, வெடித்து, சில நிமிடங்களில் வெண்மையான வண்டலாக அடியில் படியும். வயிற்றில் நடப்பதும் இதுதான்.

இதே குணம்தான் டப்பாவுக்குள் வினையாகிறது. அடுப்படி அலமாரி, ஈரக்கை, சரியாக மூடாத மூடி, தூக்கிப்போட்ட சிலிக்கா பை (ஈரம் உறிஞ்ச பாட்டிலுக்குள் வைக்கும் சிறு பை) என்று எந்த வழியாக ஈரம் புகுந்தாலும் இந்த மாவு உறிஞ்சிக்கொள்ளும். மாத்திரை இளகி உதிரும். மருந்தின் வீரியமும் குறையலாம். அந்தப் பாட்டிலை ஒதுக்கிவிட்டு, அதே பிராண்டில் புதிது வாங்குங்கள். மாத்திரைகளை வேறு டப்பாவுக்கு மாற்றாமல் வாங்கிய பாட்டிலிலேயே, படுக்கையறை போன்ற உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் எனும் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து, உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டன் புரதம் குடலுக்கு ஒவ்வாத நோய்) உள்ளவர்கள் மட்டும், மாத்திரையில் கோதுமை மாவு சேர்ந்திருக்கிறதா என்று மருந்தாளுநரிடம் கேட்டு வாங்க வேண்டும்.