நிலாவெளியில் மின்சாரம் இரண்டு தடவை போய் வந்து, பிறகு நின்றுவிடுவது ஏன்?

மழைக்காலத்தில் நிலாவெளிப் பக்கம் மின்சாரம் போகிறது, வருகிறது, மறுபடி போகிறது, பிறகு ஒரேயடியாக நின்றுவிடுகிறது. பழுதான கம்பியைக் கருவி தானே துண்டிக்கும் என்கிறார்களே, பிறகு ஏன் இந்த விளையாட்டு என்று கேட்டிருக்கிறீர்கள். அது விளையாட்டு அல்ல. கம்பத்தின் மேல் இருக்கும் ரீக்ளோசர், அதாவது பழுது வந்தால் தானே திறந்து தானே மூடும் சுவிட்ச், உங்களுக்காக முயன்று பார்க்கிறது. திருகோணமலையில் மின்கம்பி வேலையில் பல வருடங்கள் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

33,000 வோல்ட் கம்பியில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை கணநேரப் பழுதுகள். தென்னோலை ஒன்று இரண்டு கம்பிகளைத் தொட்டுவிட்டுக் கீழே விழும். வௌவால் அடிபடும். வாடைக்காற்று கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டரில் கடல் உப்பைப் படியவைக்கும். அதன்மேல் ஒரு தூறல் விழுந்தால் போதும், ஈர உப்பின் வழியே பொறி பறக்கும். இவற்றுக்கெல்லாம் மருந்து ஒன்றுதான்: மின்சாரத்தைச் சற்று நிறுத்தி, பொறி அணைந்ததும் மறுபடி கொடுப்பது. ரீக்ளோசர் அதைத்தான் செய்கிறது. இரண்டு மூன்று முறை திறந்து மூடிப் பார்த்தும் பழுது விலகாவிட்டால், திறந்தபடியே தன்னைப் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஆள் போய்த்தான் ஆக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அப்பால், கிளைக் கம்பியில் அந்தக் கிளையை மட்டும் பிரித்துவிடும் சுவிட்சாக இருக்கும் செக்‌ஷனலைசர். பழுது மின்னோட்டத்தை அறுக்கும் வலு அதற்கு இல்லை. எண்ணத் தெரியும், அவ்வளவுதான். பெரிய மின்னோட்டம் தன் வழியே போனதையும், உடனே மின்சாரம் நின்றதையும் ஒன்று என்று எண்ணிவைக்கும். மூன்றாம் தடவையும் அப்படியே நடந்தால், ரீக்ளோசர் திறந்து கம்பி செத்துக் கிடக்கும் அந்தச் சிறு இடைவெளியில் தான் திறந்துகொள்ளும். அடுத்து ரீக்ளோசர் மூடும்போது பழுதான கிளை வெளியே, மற்ற எல்லோருக்கும் வெளிச்சம். உங்கள் வீடு அந்தக் கிளையில் இருந்தால், போய் வந்து போய் வந்து நின்றது போலத் தெரியும். பக்கத்துத் தெருவில் மூன்று தடவை கண்சிமிட்டியதோடு சரி.

இப்போது வரும் சுவிட்சுகள் ஒன்றோடொன்று தகவலும் பரிமாறுகின்றன. ஒரு கம்பி உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று வடக்கே போவதாக வைத்துக்கொள்வோம். உப்புவெளிச் சுவிட்சும் நிலாவெளிச் சுவிட்சும் பழுது மின்னோட்டத்தைக் கண்டன, குச்சவெளிச் சுவிட்ச் காணவில்லை. அப்படியென்றால் பழுது பின்னிரண்டுக்கும் இடையில். அவ்விரண்டையும் திறந்துவிட்டால் பழுதான துண்டு தனியாகிவிடும். குச்சவெளிக்கு அப்பால் வேறு கம்பியோடு இணைக்கும் சுவிட்ச் ஒன்று இருந்தால், அந்தக் கம்பி கூடுதல் சுமையைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு அதை மூடலாம். மறுபக்கத்தில் வேறு கம்பியே இல்லாவிட்டால் எத்தனை புத்திசாலிச் சுவிட்ச் வைத்தும் அப்பால் உள்ளவர்கள் இருட்டில்தான் இருக்க வேண்டும். கடலோரமாக நீளும் ஊர்களின் சிக்கல் இதுதான்.

2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அப்படிப்பட்ட இரவுகளில் மரமே கம்பியின் மேல் சாய்ந்து கிடக்கும்; திறந்து மூடிப் பார்ப்பதில் பயனில்லை, ஆபத்துத்தான் அதிகம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கருவிகளுக்கு மின்னோட்டம் மட்டுமே தெரியும். ஒருமுறை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதத்தில் கடற்கரையோரம் கம்பி அறுந்து காய்ந்த மணலில் விழுந்து கிடந்தது. காய்ந்த மணல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஓடிய மின்னோட்டம் மிகச் சிறியதாக இருந்ததால் எந்தக் கருவியும் அதைப் பழுதாகக் கொள்ளவில்லை. வேலியோரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு அக்கா, "தம்பி, வீட்டில் லைட் மங்கிப் போய்விட்டது. கம்பியில் கரண்ட் இருக்காதுதானே?" என்று கேட்டார். இருந்தது. 33,000 வோல்ட் கம்பி மணலில் சீறிக்கொண்டிருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, இருபுறமும் எர்த் பூட்டிய (கம்பியை நிலத்தோடு இணைத்த) பிறகே கிட்டப் போனேன். கம்பி கிடந்த இடத்தில் மணல் உருகி, விரல் தடிப்பில் கறுத்த கண்ணாடியாக உறைந்திருந்தது. பிள்ளை நின்ற இடத்துக்கும் அதற்கும் இடையில் நாலைந்து எட்டுத்தான்.

அதனால்தான் நாங்கள் வேலை தொடங்குமுன் ரீக்ளோசரின் தானியங்கி மூடலை நிறுத்திவைப்போம், கம்பியைப் பிரிக்கும் சுவிட்சான ஐசொலேட்டரைக் கண்ணால் பார்க்கும்படி திறப்போம், எர்த் பூட்டுவோம். திரையில் 'திறந்திருக்கிறது' என்று காட்டுவதை மட்டும் நம்பி எவரும் கம்பியில் கை வைப்பதில்லை.

உங்கள் வளவில் கம்பி விழுந்தால், வீட்டில் வெளிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறைந்தது 10 மீற்றர் தள்ளி நில்லுங்கள். ஓலையை இழுக்கப் போக வேண்டாம், ஆட்டை அவிழ்க்கவும் போக வேண்டாம். கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தைத் தூரத்தில் நின்றே வாசித்துத் தொலைபேசியில் சொல்லுங்கள். அந்த இலக்கம் கிடைத்தால் இருட்டில் கம்பி வழியே டோர்ச் அடித்துத் தேடி நடக்காமல் நேராக அங்கேயே வந்துவிடுவோம்.