முதலில் வந்த மீனும் கிழிந்த வாலும்

கேள்வி: என்னுடைய 200 லிட்டர் கடல்மீன் தொட்டியைப் பழக்குவதற்காக (மீன்கழிவை முறிக்கும் பாக்டீரியாவை அதில் வளர்ப்பதற்காக), கடைக்காரர் சொன்னபடி எட்டு மாதங்களுக்கு முன் ஒரு டோமினோ டாம்செல் மீனை விட்டேன். சென்ற வாரம் இரண்டு கோமாளி மீன்களைச் சேர்த்ததிலிருந்து, அவற்றில் சிறியதன் வால்துடுப்பு நாளுக்கு நாள் கிழிந்து வருகிறது. பெரிய கோமாளி மீன் அருகில் வந்தால் சிறியது உடலைச் சாய்த்து நடுங்குகிறது, இது வலிப்பா? கிழிசலுக்கு எந்த மருந்தை ஊற்றலாம்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: நடுக்கம் வலிப்பு அன்று. கோமாளி மீன் இணையில் பெரியதே பெண். சிறியது உடலைச் சாய்த்துப் படபடவென்று நடுங்குவது, தான் அடங்கிப்போவதாக அதற்குத் தெரிவிக்கும் முறை. அப்படி அடங்கிய மீனின் வாலைப் பெண்மீன் நாள்தோறும் கிழிப்பது அரிது என்பதால், என் ஐயம் டோமினோவின் மீதே விழுகிறது. உறுதிசெய்ய, தொட்டியிலிருந்து விலகி அமர்ந்து அரை மணிநேரம் கவனியுங்கள். கண்ணாடியருகே நின்றால் உணவை எதிர்பார்த்து மீன்கள் சண்டையை மறந்து உங்களிடம் வந்துவிடும்.

டோமினோ மன்னார் வளைகுடாவிலும் வாழும் மீன்தான். குஞ்சாக இருக்கையில் கடல் சாமந்தி (அனிமோன்) என்னும் பூப்போன்ற கடலுயிரியில் கோமாளி மீன்களுடன் சேர்ந்தே இருக்கும், 14 செ.மீ. வரை வளரக்கூடிய அதே மீன், வளர வளரத் தன் இடத்தை விட்டுக்கொடுக்காத முரடாகிவிடுகிறது. எட்டு மாதம் தனியாக ஆண்ட தொட்டி முழுவதையும் அது தன் வீடாகவே கருதும். தொட்டியைப் பழக்க உயிருள்ள மீன் எதற்கு? ஓர் இறால் துண்டை அழுகவிட்டாலே அம்மோனியா உண்டாகி, வேண்டிய பாக்டீரியா பெருகிவிடும்.

பலரும் அடிபட்ட மீனைத்தான் வெளியே எடுக்கிறார்கள். அது தேறித் திரும்பும்போது மீண்டும் புதுவரவாகி, மீண்டும் கடிபடும். ஆகவே கோமாளி மீன் உணவெடுத்துக்கொண்டிருந்தால் அதை அங்கேயே விட்டு, டோமினோவைப் பிடியுங்கள். வலையுடன் துரத்தினால் பாறைக்குள் புகுந்துகொள்ளும். கற்களை எடுத்துவிட்டுப் பிடித்து, பின்னர் அவற்றை வேறு விதமாக அடுக்கினால் பழைய எல்லைகளும் கலைந்துவிடும். டோமினோவை ஓரிரு வாரம் வேறு தொட்டியில் வைத்திருந்து, பிறகு துளையிட்ட தெளிவான பெட்டிக்குள் இட்டுப் பழைய தொட்டியில் சில நாள் தொங்கவிட்ட பின் திறந்துவிடலாம். ஆயினும் 200 லிட்டரில் அதைக் கடைக்கே திருப்பிக் கொடுப்பதுதான் என் விருப்பம்.

காயத்தைப் பொறுத்தவரை, துடுப்பு முள்களுக்கு இடையே தென்னங்கீற்று பிரிந்ததுபோல் கிழிந்து, ஓரம் தெளிவாக இருந்தால் மருந்தே வேண்டாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக உள்ள நீரும் நல்ல உணவும் இருந்தால் ஓரிரு வாரங்களில் கூடிவிடும். ஓரம் வெளுத்தோ சிவந்தோ, வாலின் அடியை நோக்கி அரித்துக்கொண்டே போனால் அது பாக்டீரியா தொற்று. அப்போது மட்டும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஹீட்டரும் உள்ள தனித்தொட்டிக்கு மாற்றி, மீன்நோய் அறிந்த கால்நடை மருத்துவரைக் கேட்டு ஆன்டிபயாடிக் கொடுங்கள். முதன்மைத் தொட்டியில் எதையும் ஊற்றாதீர்கள்: தாமிர மருந்து இறாலையும் பவளத்தையும் கொல்லும், மெதிலீன் நீலம் ஃபில்டரின் பாக்டீரியாவைக் கெடுக்கும். நன்னீர் மீனுக்குச் சொல்லப்படும் உப்பு வைத்தியம், லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பிலேயே வாழும் மீனுக்குப் பொருந்தாது.

கேள்வி: சர்ஜன் மீன் இருக்கும் தொட்டியில் இன்னொரு சர்ஜன் மீனை விடலாமா?
– வாசகி, சென்னை

பதில்: உடல்வடிவம் ஒத்திருந்தால் மோதல் கடுமையாகும்; வாலடியில் உள்ள கத்திபோன்ற முள்ளால் ஒன்றையொன்று ஆழமாகக் கீறிவிடும். தொட்டி மிகப் பெரியதாக இருந்தால் மட்டும், விளக்கணைத்த பின் விடுங்கள். சில நாள் வெளிக்கண்ணாடியில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தால், பழைய மீனின் கோபம் அதன் பிம்பத்தின் மீதே செலவாகும். பிடிக்க நேர்ந்தால் வலை வேண்டாம், முள் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவால் முகந்தெடுங்கள்.