அமெரிக்கக் கால்பந்து ஆடியவர் ரக்பியில் தேறுவாரா?

கேள்வி: நாங்கள் டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கிறோம். என் மகனுக்கு 22 வயது. கல்லூரி அணியில் நான்கு ஆண்டுகள் சேஃப்டி (தற்காப்பில் கடைசியாக நிற்பவர்) இடத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடினான். உயரம் ஆறடி, எடை 92 கிலோ. என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) அணி எதுவும் அழைக்கவில்லை. இப்போது ரக்பிக்கு மாறப்போவதாகச் சொல்கிறான். "இவ்வளவு காலம் மோதிப் பழகியவனுக்கு ரக்பி எளிது" என்கிறார்கள் அவன் நண்பர்கள். அவனால் உண்மையிலேயே முன்னுக்கு வர முடியுமா? ஹெல்மெட் இல்லாமல் ஆடுவதை நினைத்தால் எனக்குப் பயமாகவும் இருக்கிறது.

பதில்: முன்னுக்கு வர முடியும் அம்மா. ஆனால் நண்பர்கள் சொல்லும் காரணத்தால் அல்ல. மோதும் துணிவும் உடல் வலிமையும் உங்கள் மகனுக்கு ஏற்கெனவே இருக்கின்றன. ரக்பியில் ஒருவரைத் தேறவைப்பதும் தோற்கவைப்பதும் மோதலுக்குப் பிறகு வரும் மூன்று நொடிகள்தான்.

அமெரிக்கக் கால்பந்திலிருந்து புதிதாக வந்த ஓர் இளைஞரை ஒரு மாலைப் பயிற்சியில் பார்த்தேன். எதிரே ஓடிவந்தவரை இடுப்பளவில் பிடித்து, இரு கைகளாலும் கட்டி, அழகாகக் கீழே சாய்த்தார். உடனே எழுந்து, திரும்பி, தன் இடத்துக்கு நடக்கத் தொடங்கினார். அவர் முதுகுக்குப் பின்னால் விழுந்தவர் பந்தைத் தன் அணியின் பக்கமாகத் தரையில் வைத்தார். இரண்டு பேர் ஓடிவந்து அதற்குக் காவலாக நின்றார்கள். மூன்றாமவர் எடுத்து வீசினார். நான்காமவர், நம் இளைஞர் விட்டுச்சென்ற இடைவெளி வழியாகவே புகுந்து ஓடி ட்ரை வைத்துவிட்டார், அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்துப் புள்ளி பெற்றுவிட்டார். "விசில் அடிக்கவே இல்லையே" என்றார் அந்த இளைஞர். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. பத்து ஆண்டுகளாக அவர் உடல் கற்றிருந்தது, ஆள் விழுந்தால் ஆட்டம் நிற்கும் என்பதைத்தான்.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்ற எல்லாமே கிளைக்கின்றன. அமெரிக்கக் கால்பந்தில் ஒரு நகர்வு ஐந்தாறு நொடிகளில் முடிந்துவிடுகிறது. அடுத்த நகர்வுக்கு முன் 40 நொடிக் கடிகாரம் ஓடுகிறது. பயிற்சியாளர் அழைப்பு அனுப்புகிறார். தாக்குதலுக்கு ஓர் அணி, தற்காப்புக்கு ஓர் அணி, உதைக்கென்று தனியாக ஆட்கள் என்று வேலை பிரிந்து கிடக்கிறது. 60 நிமிட ஆட்டத்தில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடங்களே என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ரக்பியிலோ 80 நிமிடங்கள்; பந்து ஆட்டத்தில் இருக்கும் நேரம் அதைப்போல் பல மடங்கு; வெளியே அழைக்கப்பட்டவர் பொதுவாகத் திரும்பி வர முடியாது; பதினைந்து பேரும் தாக்கவும் தடுக்கவும் பந்தை வீசவும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்து என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே தானே முடிவெடுக்க வேண்டும்.

எதிர்த்திசையில் போனவர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இங்கிலாந்தின் விங் (மைதான ஓரத்தில் ஓடுபவர்) ஆட்டக்காரர் கிறிஸ்டியன் வேட் 2018-ல் ரக்பியை விட்டு அமெரிக்கா சென்றார். 2019-ல் பஃபலோ பில்ஸ் அணிக்காக, சீசனுக்கு முந்தைய ஆட்டத்தில் முதல் முறை பந்தைத் தொட்டபோதே 65 கெஜம் ஓடி டச்டவுன் (அங்கே ட்ரைக்கு இணையானது) அடித்தார். ஆனாலும் முறையான சீசனில் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. வேல்ஸின் லூயிஸ் ரீஸ்-சாமிட் 2024-ல் போய், 2025-ல் ரக்பிக்கே திரும்பிவிட்டார். வேகம் இருவரிடமும் குறையவில்லை. இதற்கு மாறாக, ரக்பி லீக் (பதின்மூவர் ரக்பி) ஆடி வளர்ந்த ஆஸ்திரேலியர் ஜோர்டன் மைலாட்டா, அமெரிக்கக் கால்பந்தை ஒருநாளும் ஆடாமலேயே 2018-ல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்குத் தேர்வாகி, அதன் இடது டேக்கிளாக (பந்து வீசுபவரைக் காக்கும் வரிசை ஆட்டக்காரராக) நிலைத்து, 2025-ல் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் வென்றார். அவருடைய இடம் கடினமானதுதான், ஆனால் எல்லை வகுத்த வேலை. இளம் வயதில் பொறுமையாகச் செதுக்கிக்கொள்ள முடிந்தது. உங்கள் மகன் போகவிருக்கும் திசையில் அப்படி எல்லை வகுத்த வேலை ஏறக்குறைய இல்லை. இதை அவன் முதல் நாளே ஏற்றுக்கொண்டால் பாதி மனச்சோர்வு தவிரும்.

அப்படியானால் யாருக்குக் கைகூடியிருக்கிறது? பெரும்பாலும் செவன்ஸ் எனப்படும் எழுவர் ஆட்டத்தில். பாதிக்கு ஏழு நிமிடம். முழு அளவு மைதானத்தில் பக்கத்துக்கு ஏழு பேர் மட்டுமே என்பதால் ஓடுவதற்கு இடம் ஏராளம். வேகம் உள்ளவருக்கு அனுபவக் குறையை ஈடுசெய்ய வழி உண்டு. கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்தும் ஓட்டப்பந்தயமும் பழகிய கார்லின் ஐல்ஸ் 2012-ல் ரக்பிக்கு வந்தார். அமெரிக்க செவன்ஸ் அணிக்காக 200-க்கும் மேற்பட்ட ட்ரைகள் வைத்தார். முழங்கால் காயத்தால் பிலடெல்பியா ஈகிள்ஸ் வாய்ப்பை இழந்த பெர்ரி பேக்கர், 2017, 2018 இரண்டு ஆண்டுகளிலும் உலகின் சிறந்த செவன்ஸ் வீரராகத் தேர்வானார். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியிலிருந்து ரியோ ஒலிம்பிக்குக்கு ரக்பி ஆடப்போன நேட் எப்னரையும் பலர் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் அவர் சிறுவயதிலிருந்தே ரக்பி ஆடியவர், அமெரிக்கக் கால்பந்துக்குப் பின்னால் வந்தவர். அவரை உங்கள் மகனோடு ஒப்பிடுவது சரியாகாது.

பழைய பெருமை ஒன்றையும் யாராவது சொல்லக்கூடும். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலிபோர்னியக் கல்லூரி ஆட்டக்காரர்கள் நிறைந்த அமெரிக்க அணி, பிரான்ஸை 17-3 என்று வென்று தங்கம் பெற்றது. உண்மைதான். போட்டியிட்ட நாடுகள் மூன்றே மூன்று. இன்றைய நிலையோ வேறு: 2022 நவம்பரில் துபாயில் போர்ச்சுகலுடன் 16-16 என்று சமன் செய்ததால், 2023 உலகக் கோப்பை வாய்ப்பையே அமெரிக்கா இழந்தது. உடல் வலு மட்டும் போதும் என்றால், அத்தனை விளையாட்டு வீரர்களை வைத்திருக்கும் நாட்டுக்கு அந்த நிலை வந்திருக்காது.

உங்கள் மகனுக்கு நல்ல செய்தி, அவன் ஆடிய இடம். லைன்மேனாக (முன்வரிசையில் மோதும் பெருத்த உடலினர்) இருந்திருந்தால் நான் தயங்கியிருப்பேன்; 140 கிலோ உடலை 80 நிமிடம் ஓடவைப்பது ஒரு பாடு, ஸ்க்ரமின் (இரு அணியினரும் கூட்டாகச் சேர்ந்து தள்ளிக்கொள்ளும் அமைப்பு) முன்வரிசையில் கழுத்தையும் முதுகையும் பாதுகாப்பாக வைத்துத் தள்ளக் கற்பது பல ஆண்டுப் பாடம். சேஃப்டியோ திறந்த வெளியில் தனியாளாக நின்று, ஓடிவருபவரின் கோணத்தைக் கணித்துப் பிடிப்பவர். ரக்பியின் விங், ஃபுல்பேக் (கடைசித் தற்காப்பாளர்), சென்டர் (நடுவில் ஆடுபவர்) ஆகிய இடங்களுக்கு வேண்டிய கண் அது. பன்ட் எனும் உயர உதைப்பைப் பிடித்த அனுபவமும் இருந்தால், உயர உதைத்த பந்தின் அடியில் நிற்க அவன் அஞ்சமாட்டான். குறை கையில்தான் இருக்கும். நான்கு ஆண்டுகளாகப் பந்தை அரிதாகவே தொட்டிருப்பான். இங்கே ஓடிக்கொண்டே, இரு பக்கமும், பின்னோக்கி மட்டுமே வீச வேண்டும். முதல் மூன்று மாதம் தினமும் அரை மணி நேரம் பலவீனமான பக்கத்துக்குப் பந்து வீசிப் பழகட்டும். பந்தோடு ஓடும் தன் அணியினருக்கு முன்னால் போய் எதிரியை மறிக்கும் பழக்கத்தையும் அவன் விட்டாக வேண்டும். அங்கே அது கடமை, இங்கே அது தண்டனைக்குரிய குற்றம்.

ஹெல்மெட் பற்றிய உங்கள் பயம் நியாயமானது, அதற்கு மழுப்பலாகப் பதில் சொல்ல விரும்பவில்லை. ரக்பியிலும் தலைக்காயம் உண்டு. ஆனால் தலையை ஆயுதமாக்கும் பழக்கத்துக்கு ரக்பியில் இடமில்லை: கைகளால் கட்டாமல் தோளால் இடித்தாலும், தோளுக்கு மேலே பிடித்தாலும் தண்டனை, தலையில் கடுமையாக மோதினால் சிவப்பு அட்டை. தன் தலை எதிரியின் உடலுக்குக் குறுக்கே போகாமல் பக்கவாட்டில் ஒட்டியிருக்க, கன்னம் அவர் இடுப்பில் பதிய, கைகள் சுற்றிப் பூட்ட வேண்டும். சியாட்டில் சீஹாக்ஸ் பயிற்சியாளராக இருந்த பீட் கரோல், 2014-ல் இந்த ரக்பி முறை டேக்கிளை (எதிரியைப் பிடித்துச் சாய்ப்பதை) தம் அணிக்கே கற்றுக்கொடுத்து, மற்றவர்களுக்கும் காணொளியாக வெளியிட்டார். முழங்காலிட்ட நிலையில் தொடங்கி, பிறகு நடையில், பிறகு ஓட்டத்தில் என்று சில வாரங்கள் இதைத் திருத்தாமல் எந்தக் கிளப்பாவது அவனை நேராக ஆட்டத்தில் இறக்க முயன்றால், அந்தக் கிளப்பை மாற்றுங்கள்.

பண விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2018-ல் தொடங்கிய மேஜர் லீக் ரக்பியில் ஊதியம் என்.எஃப்.எல். அருகில்கூட வராது, அணிகளும் வருவதும் போவதுமாக உள்ளன. ஆகவே பட்டத்துக்கு ஏற்ற வேலை ஒன்று கையில் இருக்கட்டும். அருகிலுள்ள கிளப்பில் சேர்ந்து, கோடையில் செவன்ஸ், மற்றப் பருவத்தில் பதினைவர் ஆட்டம் என்று முழுதாக இரண்டு ஆண்டு கொடுக்கட்டும். 2031 ஆண்கள் உலகக் கோப்பை அமெரிக்காவிலேயே நடக்கவிருக்கிறது; அப்போதும் அவனுக்கு 30 வயதுக்குள்தான் இருக்கும். இரண்டாம் ஆண்டு முடிவில் அவன் ஆட்டத்தின் காணொளியை எடுத்து, டேக்கிள் செய்தபின் வரும் மூன்று நொடிகளை மட்டும் பாருங்கள். அவன் கால்கள் பந்தை நோக்கிப் போகின்றனவா, தன் இடத்தை நோக்கித் திரும்புகின்றனவா என்பதிலேயே உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.