காது மெஷின்: இந்த வாரத் தள்ளுபடியை விட்டுவிடுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார், ஆனால் பேசுவது புரியவில்லை என்கிறார். ஒரு ஷோரூமில் இலவச டெஸ்ட் எடுத்துவிட்டு, இரண்டு காதுக்கும் 1,60,000 ரூபாய், இந்த வாரமே எடுத்தால் 40 சதவீதம் தள்ளுபடி என்றார்கள். 5,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். வாங்கலாமா? அரசு இலவசமாகத் தரும் மெஷின் அப்பாவுக்குக் கிடைக்குமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இந்த வாரம் வாங்காதீர்கள். வயதாலும் மில் சத்தத்தாலும் வருடக்கணக்கில் மெல்லக் குறைந்த காது இது. இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போனால் எதுவும் கெட்டுவிடாது. திடீரென்று ஒரே நாளில் அடைத்துப்போன காது என்றால் மட்டும் கடைக்கே போகக் கூடாது, அன்றைக்கே இ.என்.டி. டாக்டரிடம் ஓட வேண்டும்.

முதலில் அந்த இலவச டெஸ்டின் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். ஆடியோகிராம் என்பார்கள், இரண்டு காதுக்கும் தனித்தனிக் கோடு போட்ட ஒரு தாள். பல இடங்களில் கம்ப்யூட்டரில் காட்டுவார்கள், கையில் தர மாட்டார்கள். தாள் உங்களிடம் இருந்தால் வேறு இடத்தில் விலை கேட்பீர்களே! தர மறுத்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இ.என்.டி. பிரிவுக்குப் போங்கள். அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சத்தம் புகாத அறையில் டெஸ்ட் எடுப்பார்கள். கூட்டம் இருக்கும், அரை நாள் போகும். போகட்டும்.

'கேட்கிறது, புரியவில்லை' என்று அப்பா சொல்வது சரியான விவரம். இந்த வகைக் குறைவில் கீச்சுக் குரல் மாதிரியான உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். அ, ஆ, ஓ எல்லாம் காதில் விழும். ச, த, ட போன்றவை தேய்ந்துபோகும். 'சட்டை' என்றாரா 'கட்டை' என்றாரா என்று தெரியாது. எல்லாவற்றையும் மொத்தமாகச் சத்தமாக்கினால் அவருக்குத் தலைவலிதான் வரும். எந்த ஒலி எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதை அந்த அளவுக்கு மட்டும் கூட்ட வேண்டும். அந்த வேலைதான் ட்யூனிங். ஆன்லைனில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு வருகிற, எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கூட்டும் பெருக்கிகளை நான் வேண்டாம் என்பதும் இதனால்தான்.

விலையைக் கூட்டுவது பெரும்பாலும் சேனல் எண்ணிக்கையும் (ஒலிகளை எத்தனை பகுதியாகப் பிரித்துத் தனித்தனியாகக் கூட்டலாம் என்பது) புளூடூத்தும். வீட்டில் இருந்துகொண்டு டிவி பார்க்கும், நாலு பேரோடு பேசும் ஒருவருக்கு நடுத்தர விலை மெஷினை நன்றாக ட்யூன் செய்து கொடுத்தால், மோசமாக ட்யூன் செய்த லட்ச ரூபாய் மெஷினைவிட நன்றாகக் கேட்கும். அதனால் மெஷினுக்கு முன்னால் ஆளைப் பாருங்கள். டெஸ்ட் எடுத்தவர் படித்த ஆடியாலஜிஸ்ட்டா (செவித்திறன் நிபுணரா), விற்பனைப் பையனா? ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் என்ன என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முதல் இரண்டு மூன்று மாதத்தில் பலமுறை ட்யூனிங்குக்குப் போக வேண்டியிருக்கும். அதற்குத் தனிக் காசா, அந்த ஆள் அப்போதும் அங்கே இருப்பாரா என்பதையும் கேளுங்கள்.

அப்புறம், யாரும் தாமாகச் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. சில விற்பனைச் சங்கிலிகள் தருகிற மெஷினின் மென்பொருள் பூட்டப்பட்டிருக்கும். அவர்களுடைய கிளையில் மட்டுமே ட்யூன் செய்ய முடியும். கிளையை மூடிவிட்டால் மதுரைக்கோ கோவைக்கோ அலைய வேண்டியதுதான். 'வேறு எந்த ஆடியாலஜிஸ்ட்டும் இதை ட்யூன் செய்ய முடியுமா?' என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். தள்ளுபடியைப் பற்றியும் ஒரு வார்த்தை: 40 சதவீதம் குறைத்தும் ஒருவருக்கு லாபம் வருகிறது என்றால், முதலில் சொன்னது விலையே இல்லை.

சரி, அரசு உதவி. இங்கேதான் எனக்குக் கோபம் வரும். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் குறைந்தது 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைந்தவர். அதையும் பல ஒலிகளின் சராசரியாகப் பார்ப்பார்கள். உங்கள் அப்பாவுக்குத் தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்பதால் சராசரி 50 பக்கம் நின்றுவிடலாம். பேத்தி பேசுவது புரியாது, ஆனால் தாளில் அவர் ஊனமில்லாதவர்! மாற்றுத்திறனாளி சான்றிதழ் இல்லை என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் ஆடிப் (ADIP) திட்ட மெஷினும் இல்லை.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. 2017-ல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா, 60 வயதைத் தாண்டிய ஏழை முதியோருக்கானது. வயதால் வந்த குறைக்கு ஊன்றுகோல், வீல்சேர், பல் செட் என்று கொடுக்கிற பட்டியலில் காது மெஷினும் உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பதற்கான அட்டையோ குறைந்த வருமானச் சான்றோ வேண்டும். மில் ஓய்வூதியம் சொற்பம் என்றால் அப்பா இதில் வரக்கூடும். முகாம் போட்டுத்தான் தருவார்கள், உதவிக் கருவிகள் தயாரிக்கும் மத்திய அரசு நிறுவனமான கான்பூர் அலிம்கோ வழியாக. முகாம் எப்போது என்பதைக் கலெக்டர் அலுவலகத்தில் நீங்கள்தான் போய் விசாரிக்க வேண்டும், தேடி வந்து யாரும் சொல்ல மாட்டார்கள். 'முகாமில் பேர் சேர்த்துவிடுகிறேன், 500 கொடுங்கள்' என்று வருகிறவருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். முகாமில் கிடைத்த மெஷினை அப்படியே மாட்டிக்கொண்டு இருக்காமல், ஆடியோகிராமோடு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ட்யூன் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

எந்த மெஷினாக இருந்தாலும் கண்ணாடி போட்டதும் பளிச்சென்று தெரிவதுபோல இருக்காது. முதல் வாரம் ஃபேன் சத்தமும் பாத்திரச் சத்தமும் இரைச்சலாகத் தோன்றும். அமைதியான அறையில் தினமும் இரண்டு மணி நேரத்தில் தொடங்கச் சொல்லுங்கள். 'கொய்ங்' என்று விசில் அடித்தால் மெஷின் கெட்டது என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் காதில் சரியாகப் பொருந்தவில்லை என்றுதான் அர்த்தம்.

முன்பணத்தைப் பொறுத்தவரை, மெஷின் வேண்டாம், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று ரசீது எண்ணோடு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் அனுப்புங்கள், போனில் பேசி முடிக்காதீர்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்துவிடுங்கள்.